ஆல்பத்தில் அரக்கு காபிப்பொடி நிறமாகிறது: கோளாறு லேபிலா, ஃபைலிலா?

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கல்யாண ஆல்பத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். 12×36 இன்ச் கரிஸ்மா (பக்கம் முழுக்க டிசைன் செய்து அச்சடிக்கும் வகை), வரவேற்பும் முகூர்த்தமும் ஒரே ஆல்பம். வரவேற்பு ஷீட்டுகள் பரவாயில்லை, எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். முகூர்த்த ஷீட்டுகளில்தான் வம்பு. பெண் கட்டியிருந்தது ஆரணிப் பட்டு, நல்ல அரக்கு, கிளிப்பச்சைக் கரை. அச்சில் அரக்கு காபிப்பொடி நிறத்துக்குப் போய்விட்டது. பச்சை மங்கிப் பாசி நிறம். முகங்களில் ரத்த ஓட்டமே இல்லை. பெண்ணின் அம்மா அந்தப் புடவையையே கடைக்கு எடுத்துவந்து ஆல்பத்துக்குப் பக்கத்தில் விரித்துவிட்டார்.

அச்சடித்த லேபில் கேட்டால் ஃபைலே அப்படித்தான் வந்தது என்கிறார்கள். என் மானிட்டரில் அரக்கு அரக்காகவே தெரிகிறது. பெண்ணின் மொபைலில் அதைவிடப் பளிச். மறுபடி அடித்துத் தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை மாற்றி அடிப்பது?

லேப்_தோட்டப்பாளையம்:

தம்பி, முதலில் மாப்பிள்ளை வேட்டியைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கிறதா, இல்லை பச்சையோ ரோஸோ அடிக்கிறதா? பெரியவர்கள் நரைமுடி எப்படி? அப்புறம், இது கெமிக்கலில் கழுவி வரும் சில்வர் போட்டோ பேப்பரா, டிஜிட்டல் பிரஸ்ஸில் அடித்த, கிழியாத என்டி ஷீட்டா?

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

வேட்டி சுத்த வெள்ளை அண்ணா. தாத்தாவின் நரையும் நரையாகவே இருக்கிறது. சில்வர் பேப்பர்தான்.

லேப்_தோட்டப்பாளையம்:

அப்படியானால் மெஷினைத் திட்ட வேண்டாம். கெமிக்கல் கெட்டுப்போனாலும் பேப்பர் செட்டப் தவறினாலும் முதலில் காட்டிக்கொடுப்பவை வெள்ளையும் சாம்பலும். சாம்பலில் ஒரு சாயல் ஏறிவிடும். நல்ல லேபில் காலையில் மெஷினைப் போட்டதும் செட்டப் ஷீட் ஒன்று அடிப்பார்கள். அதில் உள்ள கட்டங்களை மெஷின் அளந்து, இன்றைக்கு லேசர் எவ்வளவு வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்று தன்னைத் திருத்திக்கொள்ளும். புது பேப்பர் ரோல் மாட்டினாலும் அதே வேலை.

நான் லேபில் நின்ற வருஷங்களில் அதிகம் பயந்தது ஆடி மாதத்துக்குத்தான். கல்யாணம் இல்லை, பிரிண்ட் இல்லை. டெவலப்பர் டாங்கில் அப்படியே நின்று காற்று பட்டு வலுவிழக்கும். வேலை ஓடினால்தானே புது கெமிக்கல் உள்ளே போகும்? ஆவணி முதல் முகூர்த்த ஆல்பம் வரும்போது கலர் எங்கேயோ போயிருக்கும். உங்கள் கேஸ் அது இல்லை. வெள்ளை நிற்கிறது, அடர்ந்த கலர் மட்டும் சரிகிறது, அதுவும் பாதி ஆல்பத்தில் மட்டும். ஃபைலில்தான் ஏதோ இருக்கிறது.

பாகாயம்_பிக்செல்:

அண்ணன் சொன்னதை வைத்துக் கேட்கிறேன். வரவேற்பு ஷீட்டுகளையும் முகூர்த்த ஷீட்டுகளையும் டிசைன் செய்தது ஒரே ஆளா, ஒரே கம்ப்யூட்டரா? ஒவ்வொன்றிலும் ஒரு ஷீட்டை ஃபோட்டோஷாப்பில் திறந்து, கீழே இடது மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அமுக்கி, டாக்குமென்ட் புரொஃபைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்ன பெயர் வருகிறது?

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

வரவேற்பு நானே செய்தது, எஸ்ஆர்ஜிபி என்று வருகிறது. முகூர்த்தம் காந்தி நகரில் ஒரு தம்பியிடம் கொடுத்தேன், சீசனில் கை போதவில்லை. அதில் அடோபி ஆர்ஜிபி 1998 என்று வருகிறது. அது பெரிய கலர் ஸ்பேஸ், அதாவது அதிக நிறங்கள் அடங்கும், பிரிண்டுக்கு நல்லது என்றுதானே எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்?

பாகாயம்_பிக்செல்:

கிடைத்துவிட்டது. பெரியது என்பது உண்மை. ஆனால் படிப்பவனுக்கு அது தெரிந்தால்தான் பயன்.

ஃபைலில் இருப்பது கலர் இல்லை, வெறும் எண்கள். ஒரு புள்ளிக்கு சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு. மளிகைச் சீட்டில் வெறும் 3 என்று எழுதியிருந்தால் மூன்று படியா, மூன்று கிலோவா? அந்த அளவைச் சொல்வதுதான் ஐசிசி புரொஃபைல். 1993-இல் அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் என எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கியதே, ஒரு மெஷினின் எண்ணை இன்னொரு மெஷின் தப்பாகப் படிக்காமல் இருக்கத்தான். எஸ்ஆர்ஜிபி 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது, அன்றைய குண்டு மானிட்டரை மனதில் வைத்து. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. அச்சு மை கொடுக்கக்கூடிய பச்சை, மயில்நீலப் பக்கத்து நிறங்கள் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காததால் வரம்பைப் பச்சைப் பக்கம் விரித்தார்கள்.

இப்போது உங்கள் அரக்குக்கு வருகிறேன். எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுத 219, 0, 0 போதும். லேப் மெஷின் அந்த 219-ஐ எஸ்ஆர்ஜிபி 219 என்று படித்தால் சிவப்பு இருட்டிவிடும். முழுப் பச்சை இன்னும் மோசம். எஸ்ஆர்ஜிபியின் 0, 255, 0 அங்கே 144, 255, 60 ஆகிறது. அதை அப்படியே எஸ்ஆர்ஜிபியாக அச்சடித்தால் பச்சையில் மஞ்சளும் வெளுப்பும் கலந்துவிடும். உங்கள் கிளிப்பச்சை போன இடம் அதுதான். முகத்தில் சிவப்பு எண் கொஞ்சம் குறைகிறது, அதனால் ரத்தம் வடிந்த மாதிரி. சாம்பலில் மூன்று எண்ணும் சமம், இரண்டு ஸ்பேஸிலும் கிட்டத்தட்ட அதே எண்கள், அதனால் வேட்டியும் நரையும் தப்பித்தன. லேப் அண்ணன் வேட்டியைக் கேட்டபோதே பாதி விடை வந்துவிட்டது.

உங்கள் மானிட்டரில் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், ஃபோட்டோஷாப் அந்தப் புரொஃபைலைப் படித்து மாற்றிக் காட்டுகிறது. பல லேப் மெஷின்கள் புரொஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எது வந்தாலும் எஸ்ஆர்ஜிபிதான்.

செய்ய வேண்டியது: எடிட் மெனுவில் கன்வெர்ட் டு புரொஃபைல், எஸ்ஆர்ஜிபி, ரெலடிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் டிக். பக்கத்திலேயே அசைன் புரொஃபைல் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். கன்வெர்ட் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்களை விட்டுவிட்டு நிறத்தை மாற்றும். அசைன் செய்தால் லேப் செய்ததையே நீங்களும் வீட்டில் செய்ததாக ஆகும்.

கேமராவிலிருந்து நேரடி ஜேபெக் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபைல் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் கேமரா அடோபி ஆர்ஜிபியில் செட் ஆகியிருக்கிறது என்று பொருள். கேனான், நிக்கான் இரண்டிலும் அப்படித்தான். ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாத ஃபைலில் எடுப்பவர்களுக்கு இந்த செட்டிங் முக்கியமில்லை, லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே கணக்கு.

குடியாத்தம்_ஃப்ளெக்ஸ்:

எங்கள் உலகத்தில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. ஆனாலும் சிவப்பு எங்களுக்கும் எமன்தான். கொடிச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் எந்தக் கட்சியின் பேனர் என்று சண்டை வந்துவிடும். நான் ஆர்ஜிபியில் வாங்கவே மாட்டேன். மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று நானே அடித்து, ஒரு அடித் துண்டு ஓட்டிக் காட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முழு பேனர் போடுவேன். வெயிலில் வெளுப்பது தனிக் கதை. நம்ம வேலூர் வெயிலுக்கு அதற்கெல்லாம் புரொஃபைல் கிடையாது.

பாகாயம்_பிக்செல்:

ஃப்ளெக்ஸுக்கு அது சரி அண்ணா. ஆனால் ஆல்பம் டிசைனர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது நான்கு மைக் கணக்குக்கு மாற்றி அனுப்பிவிடாதீர்கள். ஃபோட்டோஷாப்பின் வட அமெரிக்க செட்டிங்கை மாற்றாமல் வைத்திருந்தால், சிஎம்ஒய்கே என்று அமுக்கியதும் அது மாற்றுவது யுஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப் என்பதற்கு. அது அமெரிக்காவில் ரோல் பேப்பரில் ஓடும் பத்திரிகை ஆஃப்செட்டுக்கான கணக்கு. நம் ஊர் டிஜிட்டல் பிரஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பிரஸ்காரர் தன் புரொஃபைலைக் கொடுத்தால் அதற்கு மாற்றுங்கள். கொடுக்காவிட்டால் எஸ்ஆர்ஜிபியாகவே கொடுங்கள், மாற்றுகிற வேலையை அவர் மெஷின் பார்த்துக்கொள்ளட்டும்.

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

இரண்டு முகூர்த்த ஷீட்டை கன்வெர்ட் செய்து சின்ன சைஸில் டெஸ்ட் பிரிண்ட் எடுத்தேன். அரக்கு திரும்பிவிட்டது! பச்சையும் பச்சையாக இருக்கிறது. பிக்செல் சாருக்கும் லேப் அண்ணனுக்கும் நன்றி. ஆனால் வரவேற்பு ஷீட்டில் சொன்ன அந்த இருட்டு இதிலும் அப்படியே இருக்கிறது. மானிட்டரில் தெரிகிற ஜரிகை டிசைன் பிரிண்டில் நிழலுக்குள் மறைந்துவிடுகிறது. அதற்கென்ன செய்வது?

லேப்_தோட்டப்பாளையம்:

மானிட்டர் பிரைட்னஸ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 100 என்று சொல்லப்போகிறீர்கள். யாரைக் கேட்டாலும் அதுதான்.

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

90 அண்ணா.

பாகாயம்_பிக்செல்:

இப்போதைய மானிட்டர்கள் பல முழு பிரைட்னஸில் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கேண்டெலா தருகின்றன. அச்சோடு ஒப்பிட்டு வேலை செய்ய வேண்டுமானால் 80 முதல் 120-க்குள் இருக்க வேண்டும். திரை தானே ஒளிர்கிறது, காகிதம் மேலே படுகிற வெளிச்சத்தை மட்டும்தான் திருப்பித் தரும். ஒளிரும் திரையில் நிழலுக்குள் ஜரிகை தெரிகிறது என்று நம்பி படத்தை இருட்டாகவே விட்டுவிடுவோம், காகிதத்தில் அது அமுங்கிவிடும்.

திரையை அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் ஒரு வழி செய்யலாம். வெள்ளை பேப்பர் ஒன்றை மானிட்டருக்குப் பக்கத்தில், நீங்கள் பிரிண்ட் பார்க்கும் வெளிச்சத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வெள்ளையும் ஒரே அளவாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பெரும்பாலும் 20, 30-க்கு வந்து நிற்கும். முதல் இரண்டு நாள் திரை செத்துப்போன மாதிரி இருக்கும், அப்புறம் கண் பழகிவிடும்.

ஆனால் இது பிரைட்னஸுக்கு மட்டும்தான். கலருக்கு மீட்டர் வேண்டும். ஸ்பைடர், ஐ1 டிஸ்ப்ளே மாதிரி ஒன்று. மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் சூடாகவிட்டு, வெள்ளைப் புள்ளி டி65, காமா 2.2, வெளிச்சம் 100 என்று வைத்து ஓட்டினால், உங்கள் மானிட்டரின் புரொஃபைலை அதுவே எழுதிவிடும். மீட்டரோடு வரும் சாஃப்ட்வேர் பிடிக்காவிட்டால் கிரேம் கில் எழுதிய ஆர்கில் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கு முகப்பாக டிஸ்ப்ளேகேல்.

ஒரு எச்சரிக்கை: அந்த மானிட்டர் புரொஃபைலை ஃபோட்டோஷாப் கலர் செட்டிங்கில் ஒர்க்கிங் ஸ்பேஸாக (வேலை செய்யும் கலர் ஸ்பேஸாக) போடாதீர்கள். அது விண்டோஸுக்கு. ஃபோட்டோஷாப் தானாக எடுத்துக்கொள்ளும். வேலூரில் பத்து ஸ்டூடியோ பார்த்தால் பாதியில் இப்படித்தான் போட்டு வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

லேப்_தோட்டப்பாளையம்:

பிக்செல் தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மீட்டர், புரொஃபைல் என்று போவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. நெகட்டிவ் காலத்தில் சியான், மெஜந்தா, மஞ்சள், டென்சிட்டி (எவ்வளவு இருட்டு என்பது) என்று நான்கு பட்டன்தான். கண்ணால் பார்த்து ஒரு மெஜந்தா கூட்டு, ஒரு டென்சிட்டி குறை என்று போவோம். அப்படி அடித்த ஆல்பங்களை இன்றும் வீடுகளில் எடுத்துப் பார்க்கிறார்கள், கலர் குறை என்று ஒருவரும் திரும்பி வரவில்லை. மீட்டருக்குப் புடவை தெரியாது. பெண்ணின் நிறம் வீட்டுக்காரர்களுக்கு எப்படி வேண்டும் என்பதும் தெரியாது.

பாகாயம்_பிக்செல்:

அண்ணா, உங்கள் கண்ணை நான் மறுக்கவில்லை. உங்கள் கண் ஒரே அறையில், ஒரே விளக்கில், ஒரே பேப்பரைப் பார்த்துப் பழகியது. அதுவே ஒரு கேலிப்ரேஷன்தான். இந்தத் தம்பி காலையில் ஷட்டரைத் திறந்து வெயில் உள்ளே விழ எடிட் செய்கிறார், ராத்திரி டியூப்லைட்டில் செய்கிறார், நடுவில் விண்டோஸ் நைட் லைட் தானாகத் திரையை மஞ்சளாக்கிவிடுகிறது. பார்க்கிற வெள்ளைக்கெல்லாம் கண் பழகிக்கொள்ளும். மஞ்சள் திரையைப் பத்து நிமிஷம் பார்த்தால் அதுவே வெள்ளையாகிவிடும். அந்த நிலையில் செய்த கலர் திருத்தத்தை நம்ப முடியாது.

மேல்விஷாரம்_பாய்:

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பார்க்கிற வெளிச்சம்.

நான் தோல் பொருட்களுக்கு கேட்லாக் எடுக்கிறவன். செருப்பு, பெல்ட், பர்ஸ். இந்தப் பக்கம் டேனரிகளில் கலர் மேட்சிங் கேபினெட் என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், உள்ளே பலவகை விளக்கு. பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. இரண்டு டான் தோல் டி65-இல் ஒன்றாகத் தெரியும், டிஎல்84-க்கு மாற்றினால் ஒன்று பச்சை அடிக்கும். சாயம் வேறு வேறு என்பதால் அப்படி. வாங்குபவர் எந்த விளக்கில் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டால்தான் சாயம் போடுகிறவருக்கு நிம்மதி.

அந்த அம்மா புடவையை ஆல்பத்துக்குப் பக்கத்தில் விரித்தார் என்று படித்ததும் நான் நினைத்தது இதைத்தான். பட்டுக்குப் போட்ட சாயம் வேறு, போட்டோ பேப்பரில் இருக்கும் சாயம் வேறு. எவ்வளவு சரியாக அடித்தாலும் கடையின் மலிவு எல்இடி வெளிச்சத்தில் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். புடவையையும் பிரிண்டையும் வாசல் பக்கம் நிழலில், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒத்தால் உங்கள் வேலை முடிந்தது. கடைக்குள் பிரிண்ட் காட்ட ஒரு மேஜையை ஒதுக்கி, 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கு ஒன்றை மாட்டுங்கள். அச்சைப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரமும் டி50-ஐத்தான், அதாவது சுமார் 5000 கெல்வின் பகல் வெளிச்சத்தைத்தான் சொல்கிறது. சுவரில் பச்சை பெயின்ட் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், வெளிச்சம் அதில் பட்டுத்தான் பிரிண்டுக்கு வருகிறது.

படம் எடுக்கும்போது நான் 24 கட்டம் உள்ள கலர்செக்கர் ஒன்றை முதல் ஃபிரேமில் வைத்துவிடுவேன். கல்யாணத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை, தெரியும். ஒரு சாம்பல் அட்டையாவது, மேடை விளக்கு மாறும்போதெல்லாம் ஒரு கிளிக்.

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

பாய், வாசல் நிழலில் பார்த்தேன். புதிய டெஸ்ட் பிரிண்டும் புடவையும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. உள்ளே எல்இடியில் புடவை கொஞ்சம் பழுப்பாகத் தெரிகிறது, பிரிண்ட் அப்படித் தெரியவில்லை. நீங்கள் சொன்னதுதான். அந்த அம்மாவையும் கூப்பிட்டு வாசலில் வைத்தே காட்டப்போகிறேன்.

ஆரணி_தறி:

எங்கள் ஊர்ப் புடவை என்றதும் வந்துவிட்டேன். நான் ஆன்லைனில் பட்டு விற்கிறேன், கலர் வேறு மாதிரி இருக்கிறது என்று திரும்பி வரும் புடவைதான் எங்களுக்குப் பெரிய நஷ்டம்.

அரக்கு சுலபம் தம்பி. மயில்கழுத்து எடுத்துப் பாருங்கள். பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். நின்று பார்த்தால் நீலம், மடிப்பில் பச்சை, வாங்கியவர் கையில் வேறு ஒன்று. எந்த இடத்தை எந்தக் கோணத்தில் எடுத்தோமோ அதுதான் படம். அதற்கு எந்த மீட்டரும் விடை சொல்லாது. நான் மூன்று கோணத்தில் போட்டு, கூடவே எழுத்திலும் சொல்லிவிடுவேன்: பாவு இன்ன நிறம், ஊடை இன்ன நிறம். வாடாமல்லி இன்னொரு தலைவலி. படத்தில் மடிப்பே தெரியாமல் ஒரே பூசலாக வரும்.

வாங்குகிறவர்கள் போன்களில் முக்கால்வாசி விவிட் மோடில்தான் இருக்கும். நேச்சுரல் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள் என்று நான் குறிப்பே போட்டுவிட்டேன். பாதிப் பேர் செய்கிறார்கள்.

பாகாயம்_பிக்செல்:

அக்கா, வாடாமல்லிக்கு மட்டும் ஒரு வழி உண்டு. அந்த நிறத்தில் சிவப்பு சேனல் 255-இல் போய் முட்டிவிடும். வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாக இருப்பதாகக் காட்டும், சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மடிப்பு மறைவது அதனால்தான். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். ராவ் எடிட்டில் அந்த நிறத்தின் சாச்சுரேஷனை மட்டும் இறக்கி, லூமினன்ஸையும் கொஞ்சம் இறக்குங்கள், மடிப்பு திரும்பும். நிறம் ஒரு படி அடங்கும், வேறு வழியில்லை, எஸ்ஆர்ஜிபிக்குள் அவ்வளவுதான் இடம்.

கல்யாண மேடையில் பர்ப்பிள், நீல எல்இடி பார் அடிக்கிறார்களே, அதுவும் இதே கதை. அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் கேமராவுக்கு வந்தே சேராது. வராததை எடிட்டில் எங்கிருந்து கொண்டுவருவது? முகூர்த்த நேரத்தில் மட்டுமாவது அதை அணைக்கச் சொல்லிக் கெஞ்சிவிடுங்கள்.

ராணிப்பேட்டை_புதுசு:

சார், நடுவில் ஒரு கேள்வி. நான் பாஸ்போர்ட் போட்டோ கடை, எப்சன் எல்805. முகமெல்லாம் சிவந்து வருகிறது. ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ் என்று போட்டும் அப்படித்தான். என்ன செய்யலாம்?

பாகாயம்_பிக்செல்:

இரண்டு இடத்தில் கலர் திருத்தம் நடக்கிறது. கலர் பொறுப்பை ஃபோட்டோஷாப் கையில் கொடுத்துவிட்டால், பிரிண்டர் டிரைவரில் கலர் கரெக்‌ஷன் என்ற இடத்தில் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட் என்று போட வேண்டும். இல்லாவிட்டால் ஃபோட்டோஷாப் ஒரு தடவை மாற்றியதை டிரைவர் இன்னொரு தடவை மாற்றும். இங்க் எது, ஒரிஜினலா?

ராணிப்பேட்டை_புதுசு:

இல்லை சார், வெளி இங்க். பேப்பரும் லோக்கல்.

பாகாயம்_பிக்செல்:

அப்படியானால் எப்சன் கொடுத்த புரொஃபைல் உங்களுக்குப் பொருந்தாது. அது அவர்கள் இங்க், அவர்கள் பேப்பர் இரண்டும் சேர்ந்த ஜோடிக்கு அளந்தது. ஒன்று ஒரிஜினலுக்கு மாறுங்கள். இல்லை, உங்கள் இங்க், பேப்பர் ஜோடிக்குத் தனிப் புரொஃபைல் போடச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான கட்டங்கள் உள்ள ஷீட்டை எந்தக் கலர் திருத்தமும் இல்லாமல் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஸ்பெக்ட்ரோ மீட்டரில் அளந்து தருவார்கள். அதற்கப்புறம் இங்க் பிராண்டை மாற்றினால் அந்தப் புரொஃபைல் குப்பைக்குத்தான். விலை குறைவு என்று மாதத்துக்கு ஒரு இங்க் வாங்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

மேல்விஷாரம்_பாய்:

மீட்டர் பற்றி ஒரு யோசனை. ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை, இல்லை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் நான்கைந்து ஸ்டூடியோ சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துப்போங்கள் தம்பி.

லேப்_தோட்டப்பாளையம்:

பாய் மீட்டரைக் கொடுக்கட்டும், நான் ஒன்று சொல்கிறேன், இதில் காசு செலவில்லை. ஒரு டெஸ்ட் ஃபைல் தயார் செய்யுங்கள். அதில் கருப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் படிக்கட்டு, மாநிறம், கருப்பு, சிவப்பு என்று மூன்று முகம், அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி என்று நான்கு புடவைத் துண்டு, ஜரிகை ஒன்று. இந்த ஃபைலை இனி தொடவே கூடாது. பெரிய ஆல்பம் கொடுக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்து ஒரு சின்ன பிரிண்ட் அடித்து, பின்னால் தேதி, பேப்பர் பெயர் எழுதி இருட்டில் வையுங்கள். அடுத்த முறை லேப்காரர் ஃபைல் தப்பு என்றால் இரண்டு தேதி பிரிண்டையும் அவர் மேஜையில் வைத்துக் காட்டலாம். ஃபைல் மாறவில்லை, அப்புறம் என்ன மாறியது?

இன்னொன்று. டிசைன் செய்த ஷீட்டைக் கொடுக்கும்போது கரெக்‌ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். மெஷினில் ஆட்டோ கரெக்‌ஷன் ஓடினால் ஒவ்வொரு ஷீட்டையும் தனித்தனியாகப் பார்த்து மாற்றும். மஞ்சள் பின்னணி அதிகமுள்ள ஷீட்டைக் கண்டால் மஞ்சளைக் குறைத்துவிடும். அடுத்த பக்கத்தில் அதே பெண்ணின் முகம் வேறு நிறத்தில் நிற்கும். மொபைலில் எடுத்த குடும்பப் படங்களுக்கு அது நல்லது, ஆல்பத்துக்குக் கேடு.

பாகாயம்_பிக்செல்:

இதில் அண்ணனோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒன்று மட்டும் கூட்டுகிறேன். உங்கள் லேபிடம் அவர்கள் பேப்பரின் புரொஃபைல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப், கஸ்டம், அந்தப் புரொஃபைல். கண்ட்ரோல் ஒய் அமுக்கினால் அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே தெரியும். ஷிஃப்ட்டும் சேர்த்து அமுக்கினால் அச்சுக்குள் அடங்காத நிறங்கள் சாம்பலாக மறையும். வாடாமல்லியில் கட்டாயம் மறையும், பயப்பட வேண்டாம்.

சத்துவாச்சாரி_ஸ்டூடியோ:

அந்த அம்மா வாசல் நிழலில் பார்த்துவிட்டு, புடவை இதுதான் என்று ஒப்புக்கொண்டார். முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்கிறார், அது வேறு கதை. முகூர்த்த ஷீட்டுகள் எல்லாவற்றையும் கன்வெர்ட் செய்துவிட்டேன், பிரைட்னஸ் 28-இல் நிற்கிறது, ஜரிகையை அதற்கேற்ப ஏற்றியிருக்கிறேன். காந்தி நகர் தம்பியின் ஃபோட்டோஷாப்பிலும் ஒர்க்கிங் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றச் சொல்லியாகிவிட்டது. பாய், ஞாயிற்றுக்கிழமை மீட்டர் வாங்க வரலாமா?

கடைசியாக ஒரு சந்தேகம். டெஸ்ட் பிரிண்ட் எடுத்தது வெறும் பேப்பரில். ஆல்பம் மேட் லாமினேஷனோடு வரும். அது கலரை மாற்றுமா?

மேல்விஷாரம்_பாய்:

தாராளமாக வாருங்கள், மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

லேப்_தோட்டப்பாளையம்:

மாற்றும். மேட் போட்டால் மேற்பரப்பில் வெளிச்சம் சிதறும், கருப்பு சாம்பல் பக்கம் வந்துவிடும், அரக்கின் ஆழம் ஒரு படி குறையும். கிளாஸி என்றால் கருப்பு ஆழமாக நிற்கும், ஆனால் விளக்கு அதில் பிரதிபலிக்கும். முழு ஆல்பம் ஓட்டுவதற்கு முன் அந்த டெஸ்ட் பிரிண்டையும் லாமினேட் செய்து தரச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் செய்து தருவார்கள்.